ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சா?

"நீ கம்ப்யூட்டர்காரன்தானே? என் போன் ஏன் இப்படி மெதுவா ஓடுதுன்னு கொஞ்சம் பாரேன்."

முதுகில் பாராசூட் மூட்டையை மாட்டிக்கொண்டு, விமானம் ஏறக் காத்திருக்கும் ஒருவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் எங்கள் சனிக்கிழமைகள் இப்படித்தான் தொடங்கும். இன்னும் இருபது நிமிடத்தில் 13,000 அடி உயரத்திலிருந்து குதிக்கப் போகிறவர்களுக்கு வைஃபை, போன் பேட்டரி, மறந்துபோன பாஸ்வேர்டு ஆகியவைதான் பெரிய கவலை.

நான் பிழைப்புக்குச் செய்வது கணினி உதவி மைய வேலை. கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் வீடு. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் பெரிஸ் என்ற ஊர் வரும். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே சுமார் 70 மைல். வறண்ட மலைகள், வெயில், மேகமில்லாத வானம். ஸ்கைடைவிங் பழகுகிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஊர் அது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கேதான் இருப்பேன்.

மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு நான் குதிக்கப் போவது தெரியும். எத்தனை முறை குதித்திருக்கிறேன் என்பது தெரியாது. சொன்னால் திட்டு விழும் என்று நான் சொல்லவில்லை. இந்த விஷயம் கடைசியில் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேலியும் பாடமும்

அங்கே கூடுகிறவர்களில் நர்ஸ் உண்டு, கார் மெக்கானிக் உண்டு, பள்ளி ஆசிரியர் உண்டு, என்னைப் போன்ற ஐ.டி. ஆட்களும் நிறைய உண்டு. காற்று பலமாக இருந்தால் குதிக்க விட மாட்டார்கள். அப்போது எல்லோரும் நிழலில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். பாதிப் பேச்சு கருவிகளைப் பற்றித்தான் இருக்கும்.

"மேலே போனதும் கேமரா செத்துப் போகுது. நேத்துதான் வாங்கினேன்" என்பார் ஒருவர். காரணம் குளிர். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும். தரையில் 30 டிகிரி இருந்தால், 13,000 அடியில் 5 டிகிரிக்குக் கீழே போய்விடும். லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. எனவே, குதிக்கும் நேரம் வரை பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திரு. மெமரி கார்டை கம்ப்யூட்டரில் வைத்து ஃபார்மேட் செய்யாதே, கேமராவிலேயே செய். இவையெல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கும் அறிவுரைகள்.

"போன்ல இடமே இல்ல, எதை அழிக்கலாம்?" என்று இன்னொருவர். "உன்னோட முதல் இருபது வீடியோவை அழி. வானத்துல பம்பரம் மாதிரி சுத்துறதைத் தவிர அதுல வேற என்ன இருக்கு?" என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எங்கே நகலெடுத்து வைக்கலாம் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுப்பார்.

புதிதாக வந்த ஒரு பையன் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சைக் காட்டி, "இதுவே உயரம் காட்டுது. தனியா ஆல்டிமீட்டர் எதுக்கு?" என்று கேட்டான். எங்கள் கூட்டத்தில் எழுபது வயதைத் தொட்ட ஒருவர் இருக்கிறார். டெலிபோன் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆயிரக்கணக்கான முறை குதித்தவர். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் சொன்னார்: "நீ நேத்து ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினேன்னு அந்த வாட்ச் சொல்லும். எப்போ பாராசூட்டைத் திறக்கணும்னு அதைக் கேட்காதே."

சிரிப்பு அடங்கியதும் கணக்கு போட்டுக் காட்டினார். வயிறு தரையைப் பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்கு 120 மைல். நொடிக்கு 170 அடிக்கு மேல். கையில் இருக்கும் கருவி இரண்டே இரண்டு நொடி தாமதமாக உயரத்தைக் காட்டினாலும், நீ அது காட்டுகிற உயரத்தைவிட 350 அடி கீழே இருப்பாய். பையன் அதற்குப் பிறகு வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

ஹெல்மெட்டில் கேமரா மாட்டும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அமெரிக்க பாராசூட் சங்கம், அதற்கு முன் குறைந்தது 200 முறையாவது குதித்திருக்க வேண்டும் என்கிறது. எனக்கு 140தான் ஆகியிருந்தது. "ஒரு சின்னப் பெட்டி, இதுல என்ன ஆபத்து?" என்று நான் அலுத்துக்கொண்டபோது, பெரியவர் 1988-ல் வட கரோலினாவில் நடந்ததைச் சொன்னார். அனுபவம் மிக்க ஒரு வீடியோ கலைஞர், மற்றவர்கள் குதிப்பதைப் படம் பிடிக்க அவர்களோடு குதித்தார். படம் பிடிக்கும் கவனத்தில், தான் பாராசூட்டே மாட்டவில்லை என்பதை மறந்துவிட்டார். வீடியோ கருவியின் கனத்தைப் பாராசூட்டின் கனம் என்று நினைத்திருக்கலாம் என்பார்கள். ஆபத்து பெட்டியில் இல்லை, அது இழுத்துக்கொள்ளும் கவனத்தில் இருக்கிறது என்பது அன்று புரிந்தது.

நான் செய்த மடத்தனம்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பாராசூட் மூட்டைக்குள் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று வழக்கமாகத் திறப்பது. இன்னொன்று ஆபத்துக்கு உதவும் ரிசர்வ். இவற்றோடு, கைக்கு அடக்கமான ஒரு மின்னணுக் கருவியும் உள்ளே இருக்கும். ஏஏடி என்பார்கள். குதித்தவர் மயங்கிவிட்டாலோ, உயரத்தை மறந்துவிட்டாலோ, அதுவே ரிசர்வ் பாராசூட்டைத் திறந்துவிடும். இந்தத் துறையையே மாற்றியது சைப்ரஸ் என்ற கருவி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் க்ளோத் உருவாக்கி 1991-ல் விற்பனைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடும். அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ் வகையில், தரையிலிருந்து சுமார் 750 அடிக்கு வந்த பிறகும் நீங்கள் மணிக்கு 78 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடி வைத்திருக்கும் சிறிய கயிற்றை ஒரு குட்டிக் கத்தி வெட்டிவிடும். 120 மைல் வேகத்தில் விழுகிறவருக்கு 750 அடி என்றால் நாலு நொடிச் சொச்சம்தான். அதற்குள் பாராசூட் விரிந்தாக வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெட்டிக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிய வேண்டும்: தரை எங்கே இருக்கிறது? அதை ஆன் செய்யும்போது, அந்த இடத்துக் காற்றழுத்தத்தைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் குதிக்கும் இடத்துக்கு வந்த பிறகே ஆன் செய்ய வேண்டும் என்பது விதி. ஆன் செய்தபின் காரில் வேறு இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாலும், ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். இது கையேட்டிலேயே இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை, முதல் விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில், காலை ஆறு மணிக்கு வீட்டிலேயே ஆன் செய்துவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு வேலை மிச்சம் என்று நினைப்பு. கருவியில் குறையில்லை, சொல்லித் தந்தவர்களிடமும் குறையில்லை. குறை முழுக்க என்னுடையது.

விமானத்தை நோக்கி நடக்கும்போது ஒருவர் மற்றவரின் மூட்டையைப் பார்த்துச் சரிசெய்வது வழக்கம். என் மூட்டையைப் பார்த்த பெரியவர், "பரவாயில்லையே, ஏஏடி எல்லாம் ஆன்லதான் இருக்கு. எப்போ பண்ணினே? இப்பத்தானே காரை விட்டு இறங்கினே?" என்றார்.

"வீட்டிலேயே பண்ணிட்டேன். டைம் மிச்சம்" என்றேன் பெருமையாக.

அவர் நின்றுவிட்டார். "உன் வீடு கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்?"

"அம்பது, அறுபது அடி இருக்கும்."

"இந்த ஊர்?"

"1,400..." சொல்லும்போதே வயிற்றைப் பிசைந்தது. என் முதுகில் இருக்கும் பெட்டி என் வீட்டு கார் ஷெட்டைத் தரை என்று நினைத்துக்கொண்டிருந்தால், உண்மையான தரை அதற்கு 1,300 அடிக்கு மேலே இருக்கிறது. அது 750 அடிக்குக் காத்திருக்கும். அந்த 750 அடி பூமிக்குள்ளே இருக்கும். நான் மயங்கி விழுந்தால் அது திறக்க வேண்டிய நேரம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

"உன் ஆபீசுக்கு போன் பண்றவங்களுக்கு முதல்ல என்ன சொல்லுவே?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுவேன்."

"அப்போ பண்ணு."

பண்ணினேன். கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் "பீர்! பீர்!" என்று கத்தினார்கள். யார் எதை முதன்முறையாகச் செய்தாலும் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது ஸ்கைடைவிங் உலகத்தின் எழுதாத சட்டம். முதன்முறையாக மடத்தனம் செய்தாலும்தான். நான் குடிப்பதில்லை என்பதால் என் அபராதம் எப்போதுமே மசால் வடை. அடுத்த வாரம் நாற்பது வடை கொண்டுபோனேன்.

அன்று விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் பெரியவர் என் காதருகே சொன்னார்: "நானும் ஒரு தடவை இதே தப்பைப் பண்ணியிருக்கேன். என்கிட்ட யாரும் கேட்கல. ராத்திரி வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்தது."

கேட்கவிடுகிற இடம்

அன்றைக்கு அந்தக் கருவிக்கு வேலை வரவில்லை. நானே பாராசூட்டைத் திறந்தேன், பத்திரமாக இறங்கினேன். "கண் முதல்ல, காதுல கேட்கிற பீப் சத்தம் ரெண்டாவது, பெட்டி கடைசி" என்பது அங்கே சொல்லித் தரும் வரிசை.

யோசித்துப் பார்த்தால், நான் தப்பு செய்த காரணம் எல்லோருக்கும் பொருந்தும். நம் போன் சென்னையில் இறங்கியதும் தானே நேரத்தை மாற்றிக்கொள்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்று எல்லாக் கருவிக்கும் தெரியும் என்று பழகிவிட்டோம். ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. அது எது என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 1961-ல் 14 பேர் இறந்தார்கள். அப்போது உறுப்பினர்களே சில ஆயிரம் பேர்தான். 2023-ல் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். கருவிகளும் பயிற்சியும் முன்னேறியது பெரிய காரணம். இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். இந்த விளையாட்டில் யாருக்கு என்ன தவறு நடந்தது என்பதை மறைப்பதில்லை. சங்கத்தின் பத்திரிகையிலேயே எழுதுகிறார்கள். நிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேலி செய்வார்கள், ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்கக் கூச்சப்படும் அளவுக்குச் செய்ய மாட்டார்கள்.

அன்று இரவு, மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவை அழைத்தேன். ஏனோ மறைக்கத் தோன்றவில்லை. 140 தடவை குதித்ததையும் சொன்னேன், பெட்டியை வீட்டிலேயே ஆன் செய்த கதையையும் சொன்னேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தம்பி, நானும் ஒண்ணு சொல்லணும். வையக் கூடாது" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. அதில் இருந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். அவன் சொன்னபடி எதையோ அழுத்தியிருக்கிறார். எட்டாயிரம் ரூபாய் போய்விட்டது.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீ வைவேன்னுதான்ப்பா. போன்ல ஒண்ணு கேட்டாலே, எத்தனை தடவம்மா சொல்றதுங்கிற."

பதில் சொல்ல முடியவில்லை. முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் புன்னகையோடு பதில் சொல்கிறவன் நான். அம்மாவிடம் அந்தப் பொறுமை இருந்ததில்லை. அன்றே சொல்லியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசச் சொல்லியிருப்பேன். இந்தியா முழுக்க ஒரே எண்தான். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. மூன்று வாரம் தாமதமாகப் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர்கள் ஒரு சந்தேகம் கேட்கும்போது "இது கூடத் தெரியாதா?" என்று ஒரு தடவை சலித்துக்கொண்டால் போதும், அடுத்த சந்தேகத்தை நம்மிடம் கேட்க மாட்டார்கள். போனில் கூப்பிடும் திருடனிடம் கேட்பார்கள். அவன் அன்பாகப் பேசுவான். நாம் செய்த மடத்தனத்தை முதலில் சொல்லிவிட்டால் அவர்களும் சொல்வார்கள். பெரியவர் விமானத்தில் எனக்குச் செய்தது அதைத்தான்.

இப்போதெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து எது வந்தாலும் அம்மா எனக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை தொடுவதில்லை. நான் தூங்கும் நேரமாக இருந்தாலும் சரி. பதிலுக்கு, சனிக்கிழமை காலை பெரிஸில் காரை நிறுத்தும்போது அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கும்.

"தம்பி, வந்து சேந்துட்டியா? அந்தப் பொட்டிய அங்க வந்துதானே ஆன் பண்ண?"