சக்கரம் தொட்ட பிறகு

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் கணினியில் ஃபிளைட் சிமுலேட்டரைத் திறந்து, இரண்டாம் உலகப்போர் காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டுவாராம். "வானத்தில் பிரச்சினையே இல்லை சார். ரன்வேயையும் ஒழுங்காகத்தான் தொடுகிறேன். தொட்ட பிறகுதான் துள்ளுகிறது. துள்ளாவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றி இறக்கையை ஒடித்துக்கொள்கிறது. ஏன்?"

இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான் என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

தளி சாலையில் பேளகொண்டப்பள்ளி விமானத் தளத்தில் உருவான ஹன்ஸா போன்ற விமானங்களுக்கு மூன்றாவது சக்கரம் மூக்கடியில் இருக்கும். ஸ்பிட்ஃபயருக்கு அது வாலடியில். பெங்களூரு ஹெச்.ஏ.எல். 1951-இல் பறக்கவிட்ட ஹெச்.டி-2 பயிற்சி விமானமும் வால்சக்கர வகைதான். இப்படி அமைந்த விமானத்தின் பாரம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. எல்லா வினையும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் சித்தப்பா மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஆலைகளுக்கு டிராக்டரில் லோடு அடிப்பார். ஆலைக்குள் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதைத்தான் நான் வாய் பிளந்து பார்ப்பேன். முன்னால் இழுத்துப் போகும்போது ட்ரெய்லர் தானாகவே நேராகிவிடும். பின்னால் தள்ளும்போது ஒரு விரற்கடை கோணினால் போதும், அடுத்த நொடி ஒரு முழம் கோணும், அதற்கடுத்து டிராக்டரையே முட்டும். "கோணினப்புறம் ஒடிக்காதேடா, கோண ஆரம்பிக்கும்போதே ஒடி" என்பார்.

வால்சக்கர விமானம் தரையில் ஓடுவதும் இதே கதைதான். மூக்கு சற்றே இடப்பக்கம் திரும்பியது என்று வையுங்கள். பின்னால் இருக்கும் பாரம் தன் வேகத்தில் நேராகவே போகப் பார்க்கும். அதனால் வால் வலப்பக்கம் இன்னும் ஒதுங்கும், மூக்கு இன்னும் திரும்பும். விட்டால் முழு வட்டம் அடித்துவிடும். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்களுக்கு இடையே ஆறடிகூட இல்லை. அதே காலத்து ஹரிக்கேன் போர் விமானத்துக்கு அந்த அகலம் அதிகம் என்பதால் அது கொஞ்சம் பொறுத்துப்போகும்.

துள்ளலும் அதே பாரத்தால்தான். முன்சக்கரங்கள் மட்டும் அழுத்தமாகத் தரையைத் தட்டினால் பின்பாரம் வாலைக் கீழே அமுக்குகிறது. வால் இறங்க மூக்கு தூக்கும், மூக்கு தூக்கினால் இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், விமானம் மறுபடி மேலே எழும். பதறிப்போய் த்ராட்டிலை முழுக்கத் தள்ளுகிறவர்கள் உண்டு. அது இன்னும் ஆபத்து. மெர்லின் எஞ்சின் பூட்டிய ஸ்பிட்ஃபயர் அந்தக் குறைந்த வேகத்தில் இடப்பக்கம் சாயும். கிரிஃபான் எஞ்சின் எதிர்த் திசையில் சுற்றுவதால் வலப்பக்கம் சாயும். இரண்டையும் இந்திய விமானப்படை 1940-களில் ஓட்டியிருக்கிறது. மூக்கைத் திருப்பும் பெடல்களில் ஒன்றுக்குப் பழகிய கால் மற்றதற்காகப் புதிதாகப் பழக வேண்டியிருந்திருக்கும்.

சரி, எப்படி இறக்குவது? நீண்ட மூக்கு ரன்வேயை மறைக்கும் என்பதால் தொலைவிலிருந்து நேராக வராதீர்கள். இடப்பக்கமாக வளைந்தபடியே இறங்குங்கள். கடைசி வரை ரன்வே கண்ணில் இருக்கும். மார்க் 5 ரக ஸ்பிட்ஃபயர் என்றால் கடைசிக் கட்டத்தில் மணிக்கு 85 முதல் 90 மைல் போதும். அதைவிட வேகமாக வந்தால் மிதந்துகொண்டே போகும். தரைக்குச் சற்று மேலே இறக்கைகளை மட்டமாக்கி, த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் இழுங்கள். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும். தொட்ட பிறகும் ஸ்டிக்கை முழுக்க இழுத்தே பிடியுங்கள், வால்சக்கரம் தரையை விடாது. பார்வையை ரன்வேயின் இரு ஓரங்களிலும் வைத்துக்கொண்டு பெடலை மிதித்து மிதித்து விடுங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். பிரேக், ஸ்டிக்கின் பிடியிலேயே சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கும். அதை இறுக்கினால் விமானம் மூக்கில் குத்தி நிற்கும். தரையில் வால் எழும்பாமலிருக்க அந்தக் காலத்தில் ஆட்களையே வால்மேல் உட்கார வைத்தார்கள். 1945-இல் இங்கிலாந்தில் அப்படி உட்கார்ந்த மார்கரெட் ஹார்ட்டன் என்ற பெண் வாலிலிருந்து இறங்குவதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. வாலைக் கட்டிக்கொண்டே ஒரு சுற்றுப் பறந்து உயிரோடு தரைக்கு வந்தார்.

ஒன்று மட்டும் என்னை வருத்துகிறது. சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் சக்கரம் தொட்டதும் 'இறங்கியாச்சு' என்று பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். சுற்றிக் கவிழ்ந்தால் உடனே ரீஸ்டார்ட். எந்த நொடியில் மூக்கு கோணத் தொடங்கியது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிஜ விமானியின் கையில் அந்தப் பொத்தான் இருந்ததில்லை. உயிருக்கு ஆபத்தில்லாமல் நூறு முறை தவறு செய்து கற்கும் வாய்ப்பு நமக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது, அதை இப்படி வீணாக்கலாமா?

அடுத்த முறை கவிழ்ந்ததும் ரீஸ்டார்ட்டை அழுத்தாமல் ரீப்ளேயை மெதுவாக ஓட விடுங்கள் தம்பி. மூக்கு முதலில் எந்தப் பக்கம் அசைந்தது, அப்போது உங்கள் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.