524 வாக்குகள்: தஞ்சோங் பியாய் எனக்குச் சொல்லித் தந்த கணக்கு

ஆசியக் கண்டத்தின் பெருநிலப்பரப்பு தெற்கே முடியும் இடம் எது? பூகோளப் பாடத்தில் இந்தக் கேள்வி வந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையைத் தூக்கிவிடுவோம். ஜொகூர், பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பியாய்தான் அது. சதுப்புநிலக் காடும், அதற்கு அப்பால் கப்பல்கள் வரிசையாக நகரும் கடலும் கொண்ட முனை. பக்கத்திலேயே குக்குப். கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய வீடுகளுக்கும் கடல் உணவுக்கும் பெயர் போன மீனவக் கிராமம். உள்ளே வந்தால் பெயரிலேயே அன்னாசிப்பழத்தை வைத்திருக்கும் பெக்கான் நனாஸ். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அப்பா அன்னாசித் தோட்டத்தில் லோரி ஓட்டினார்.

இந்த மூன்று இடங்களும் சேர்ந்த நாடாளுமன்றத் தொகுதிக்கும் தஞ்சோங் பியாய் என்றுதான் பெயர். எண் பி.165. வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தத் தொகுதியை எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும்வரை நான் கவனித்ததே இல்லை.

2018 மே 9, புதன்கிழமை. நாட்டின் 14ஆவது பொதுத்தேர்தல். நான் அப்போது படிவம் ஐந்து. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போய் விரலில் மையோடு வந்துவிட்டார்கள். வராதவர் அண்ணன்தான். அவர் சிங்கப்பூரில் வாடகை அறையில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். மலேசியாவில் அன்று பொது விடுமுறை, சிங்கப்பூரில் வேலை நாள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் வாழும் மலேசியர்களுக்கு அஞ்சல் வாக்கு வசதியும் இல்லை. வாக்களிக்க வேண்டுமென்றால் விடுப்பு எடுத்து, பாலம் கடந்து வந்துதான் ஆக வேண்டும்.

முதல் நாள் இரவு அப்பா தொலைபேசியில் கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “ஒரு ஓட்டுல என்னாப்பா மாறிடப் போவுது? அதுவும் நம்ம ஓட்டு. அங்க நம்ம ஆளுங்க எத்தன பேரு இருக்காங்க?”

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. தொகுதி வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் சுமார் 57 விழுக்காடு, சீனர்கள் 42 விழுக்காடு. இந்தியர்கள் ஏறக்குறைய ஒரே ஒரு விழுக்காடு. அண்ணன் சொன்னது சரிதானே என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. நம்பிக்கைக் கூட்டணி சார்பில் போட்டியிட்ட பெர்சத்து கட்சியின் டாக்டர் முகமட் ஃபரிட் முகமட் ரஃபிக் 21,255 வாக்குகள். தேசிய முன்னணியின் மசீச வேட்பாளர் வீ ஜெக் செங் 20,731 வாக்குகள். பாஸ் கட்சியின் நோர்டின் ஒத்மான் 2,962 வாக்குகள். பெரும்பான்மை 524.

தொகுதியின் மொத்த வாக்காளர்கள் ஏறக்குறைய 53,000 பேர். அதில் ஒரு விழுக்காடு என்றால் எவ்வளவு? சுமார் 530.

அப்பா நாளிதழின் ஓரத்திலேயே பேனாவால் இந்தக் கணக்கைப் போட்டார். பிறகு அதை மடித்து மேசை மேல் வைத்துவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வரும்போது பார்க்கட்டும் என்று.

*கோட்டை ஒரே இரவில் விழவில்லை*

அந்தக் கணக்குதான் தொகுதியின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

தஞ்சோங் பியாய் பழைய தொகுதி அல்ல. 2003ஆம் ஆண்டு எல்லை மறுசீரமைப்பில் ஜொகூரின் நாடாளுமன்றத் தொகுதிகள் 20இலிருந்து 26ஆக உயர்ந்தபோது உருவானது. அதற்கு முன் இந்தப் பகுதி பொந்தியான் தொகுதியில் இருந்தது. 2004 தேர்தலில் இங்கே முதன்முதலாக வென்றவர் அப்போதைய மசீச தேசியத் தலைவர் ஓங் கா திங். அந்தத் தேர்தலில் ஜொகூரின் 26 தொகுதிகளையும் தேசிய முன்னணியே அள்ளியது. அம்னோ 1946இல் பிறந்த மண் ஜொகூர். இம்மாநிலத்தை ‘தேசிய முன்னணியின் கோட்டை’ என்று பத்திரிகைகள் எழுதியதில் வியப்பில்லை.

2008இல் ஓங் கா திங் கூலாய் தொகுதிக்கு மாறினார். தஞ்சோங் பியாயில் வீ ஜெக் செங் நின்று 12,000க்கும் அதிகமான பெரும்பான்மையில் வென்றார். 2013இலும் அவரே வென்றார். ஆனால் ஜசெகவின் மாட்சிர் இப்ராஹிமுக்கு எதிராக அவர் பெற்ற பெரும்பான்மை 5,457 மட்டுமே. ஐந்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே.

இதை மாநிலக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஜொகூரின் 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் தேசிய முன்னணி வென்றவை: 2004இல் 26, 2008இல் 25, 2013இல் 21, 2018இல் 8. கடைசி எண்தான் தலைப்புச் செய்தியானது. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரு தேர்தலின் முடிவை மட்டும் பார்ப்பவருக்கு அது அதிர்ச்சி. பெரும்பான்மை எப்படிக் குறைந்து வந்தது என்று பார்த்தவருக்கு அதிர்ச்சி குறைவு. யார் வென்றார் என்பதோடு எத்தனை வாக்கில் வென்றார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கற்றது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். 2018இல் இந்தத் தொகுதிக்குள் இருக்கும் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே பக்கம் சாயவில்லை. பெக்கான் நனாஸ் ஜசெகவிடம், குக்குப் தேசிய முன்னணியிடம். அரை மணி நேரத்தில் கடந்துவிடும் தூரத்தில் இரண்டு வேறு தீர்ப்புகள்.

*பாதிக்கும் குறைவாகப் பெற்றும் வெல்லலாம்*

2018 முடிவை மீண்டும் ஒரு முறை பாருங்கள். மூன்று வேட்பாளர்களும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 44,948. வென்றவர் பெற்றது அதில் சுமார் 47.3 விழுக்காடு. அதாவது, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை அவருக்கு விழவில்லை. ஆனாலும் அவர் வென்றது முறைப்படி சரி. ஏனென்றால் நம் நாட்டுத் தேர்தல் முறையில் பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும்.

இந்த முறையில் மூன்றாவது வேட்பாளருக்குத் தனி எடை உண்டு. பாஸ் பெற்ற 2,962 வாக்குகள், வெற்றியைத் தீர்மானித்த 524ஐப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மும்முனைப் போட்டி என்றதும் கட்சிகள் ஏன் பரபரக்கின்றன என்பது இப்போது புரியும்.

அதே இரவு, அதே ஜொகூரில், ஆயர் ஹீத்தாம் தொகுதியை மசீசவின் வீ கா சியோங் 303 வாக்குகளில் காப்பாற்றிக்கொண்டார். அந்தத் தேர்தலில் மசீசவுக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்றத் தொகுதி அதுதான். 303 வாக்குகளில் ஒன்று தங்கியது, 524 வாக்குகளில் ஒன்று போனது.

*பதினெட்டே மாதங்களில் தலைகீழ்*

பிரதமர் துறையில் துணை அமைச்சராக இருந்த டாக்டர் முகமட் ஃபரிட் 2019 செப்டம்பர் 21 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 42. நவம்பர் 16இல் இடைத்தேர்தல்.

ஆறு பேர் களமிறங்கினார்கள். வீ ஜெக் செங் 25,466. நம்பிக்கைக் கூட்டணியின் கர்மைன் சர்டினி 10,380. கெராக்கானின் வெண்டி சுப்பிரமணியம் 1,707. பெர்ஜாசாவின் வேட்பாளர் 850. இரண்டு சுயேச்சைகள் 380, 32. பெரும்பான்மை 15,086. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காதவர் வைப்புத்தொகையை இழப்பார். கடைசி நால்வருக்கும் அதுதான் நடந்தது.

இங்கே ஒரு தாளை எடுத்து நீங்களும் கணக்குப் போடலாம். ஆளும் கூட்டணி இழந்தது 10,875 வாக்குகள். ஆனால் வீ ஜெக் செங் கூடுதலாகப் பெற்றது 4,735 மட்டுமே. மீதி எங்கே? மொத்த வாக்குகளைக் கூட்டினால் 38,815. அதாவது 2018ஐவிட 6,133 குறைவு. சாய்ந்தவர்களைவிட வராமல் போனவர்களின் எண்ணிக்கை பெரியது போலத் தெரிகிறது.

‘போல’ என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாக்கு இரகசியமானது. இந்த எண்களை வைத்து எந்த ஒரு தனி மனிதர் எங்கே போனார் என்று யாரும் சொல்ல முடியாது. 2018இல் தனித்து நின்ற பாஸ், 2019இல் அம்னோவோடு முவாஃபாக்காட் நேஷனல் உடன்பாட்டில் சேர்ந்திருந்தது. அந்த வாக்குகளும் நகர்ந்திருக்கும். விலைவாசி, நிறைவேறாத வாக்குறுதிகள் மீதான ஏமாற்றம், பிரதமர் பதவி எப்போது கைமாறும் என்ற சர்ச்சை ஆகியவை பேசப்பட்ட காரணங்கள். எந்தக் காரணத்துக்கு எத்தனை வாக்கு என்று பிரித்துக் காட்டும் பெட்டி எந்த வாக்குச்சாவடியிலும் இல்லை. தேர்தல் முடிந்த மறுநாளே எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுவோரை நான் இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

*பதினெட்டு வயதின் கதவு*

அந்த இடைத்தேர்தலின்போது எனக்கு வயது 18. ஆனால் வாக்குரிமை 21இல்தான். அதற்கும் நாமே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும்.

வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்து, பதிவைத் தானியங்கியாக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16இல் மக்களவையில் 211 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியிருந்தது. நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 15இல் திருத்தம் அமலுக்கு வந்தது. 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் கதவு திறந்தால் போதாது. உள்ளே நுழைய வேண்டும். 2022 மார்ச் 12 ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான் எங்கள் மாநிலத்தின் 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தார்கள். அன்று வாக்களிக்க வந்தவர்கள் மொத்தத்தில் சுமார் 55 விழுக்காடு மட்டுமே.

*ஒரு விழுக்காடு*

நம் சமூகத்தில் தேர்தல் பேச்சு வந்தால் செகாமட் போன்ற தொகுதிகளைப் பற்றித்தான் பேசுவோம். அங்கே நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். டத்தோஸ்ரீ டாக்டர் ச. சுப்பிரமணியம் அங்கே மஇகா சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், 2022இல் கெஅடிலானின் யுனேஸ்வரன் வென்றார். தஞ்சோங் பியாயில் நம்மவர்களைத் தேடித் தொலைநோக்கி வேண்டும் என்று அண்ணன் கேலி செய்வார்.

எங்கள் ஒரு விழுக்காடுதான் 2018 முடிவைத் தீர்மானித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. நம்மவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் வாக்களிப்பதும் இல்லை. எங்கள் வீட்டிலேயே அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கமா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வது இதைத்தான்: ‘நாம் ரொம்பக் குறைவு, நம் வாக்கு எதற்கு’ என்ற பேச்சைக் கணக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. 53,000 பேரில் 530 பேர் சிறு கூட்டம். 524 வாக்கு வித்தியாசத்தின் பக்கத்தில் அதே 530 பேர் சிறு கூட்டம் அல்ல. போட்டி எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்குச் சிறு எண்ணின் எடை கூடும். எந்தத் தேர்தல் நெருக்கமாக இருக்கும் என்பது வாக்களிக்கும் நாளன்று யாருக்கும் தெரியாது.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. 18 வயது நிறைந்ததும் உங்கள் பெயர் தானாகவே பட்டியலில் சேரும். ஆனால் எந்தத் தொகுதியில் என்பதை மைகார்டில் உள்ள முகவரிதான் முடிவு செய்கிறது. வீடு மாறியிருந்தால் முகவரியைப் புதுப்பியுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, உங்கள் தொகுதி எது என்று பாருங்கள். பிறகு அந்தத் தொகுதியின் கடந்த மூன்று தேர்தல் முடிவுகளை எடுத்து, பெரும்பான்மையை மட்டும் வரிசையாக எழுதுங்கள். வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரலாறு உங்கள் கையில் இருக்கும்.

2022 நவம்பர் 19, 15ஆவது பொதுத்தேர்தல். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் அஞ்சல் வாக்கு வசதி அந்த ஆண்டு கிடைத்திருந்தது. அண்ணன் விண்ணப்பிக்கவில்லை. முதல் நாள் இரவே பேருந்தில் வந்து இறங்கினார். காலையில் நாங்கள் நால்வரும் ஒன்றாகப் போனோம். எனக்கு அது முதல் பொதுத்தேர்தல். அந்த முறை தொகுதியில் வீ ஜெக் செங்கே மீண்டும் வென்றார். அண்ணன் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அப்பா மட்டும் கேட்டார்: “ஒரு ஓட்டுல என்னாப்பா மாறிடப் போவுது?”

அண்ணன் சிரித்துவிட்டு, மையிட்ட விரலைத் தூக்கிக் காட்டினார்.