ஒரு பிடி அரிசியும் ஒரு கோடிக் கணக்கும்



உங்கள் உம்மாவின் அடுப்படியில் இருந்த பிடியரிசித் தகரம் நினைவிருக்கிறதா? உலையில் அரிசி போடுமுன் பிஸ்மி சொல்லி ஒரு பிடி எடுத்து அந்தத் தகரத்தில் போடுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மத்ரஸாப் பிள்ளைகள் சாக்குடன் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு பிடி அரிசியால் யாருடைய பசி தீரும்? ஆனால் ஊர் வீடுகளின் பிடிகள் எல்லாம் ஒன்று சேர்ந்தபோது, ஒரு மத்ரஸாவின் பிள்ளைகள் அதில் வயிறாரச் சாப்பிட்டார்கள். கொடுத்த வீட்டில் ஒரு கவளமும் குறையவில்லை.

எங்கள் எல்கடுவத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்களும் இதையே செய்கிறார்கள். விரல் நுனியில் அகப்படுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். மாலையில் தராசில் ஏறுவதோ கிலோக் கணக்கு.

இந்தப் பிடியரிசி வழக்கத்தை இக்காலத்து விஞ்ஞானிகள் கணினியில் செய்து பார்த்தார்கள். அவர்கள் கண்ட வெற்றியிலும் பட்ட பாட்டிலும் நம் வீட்டுப் பெண்களுக்கும், நம் ஊர்ச் சங்கங்களுக்கும், என்னைப் போன்ற மத்ரஸாக்காரர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கணினியின் பிடியரிசி

ஒரு வீட்டில் கணினி இருக்கிறது. பிள்ளை அதில் பாடம் படித்துவிட்டு எழுந்து போகிறான். கணினி சும்மா கிடக்கிறது. உலகில் இப்படிச் சும்மா கிடக்கும் கணினிகள் கோடிக்கணக்கானவை. அவற்றின் ஓய்வு நேரத்தைப் பிடிபிடியாகச் சேர்த்தால் என்ன என்று சிலர் யோசித்தார்கள்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டத்தை உலக மக்களுக்குத் திறந்துவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ என்ற இடத்தில் ஒரு மாபெரும் வானொலித் தொலைநோக்கி இருந்தது. அது வானத்திலிருந்து பிடித்த அலைகளில், அறிவுள்ள வேறு படைப்பு எதுவும் அனுப்பிய செய்தி இருக்கிறதா என்று தேடுவதே நோக்கம். அந்தப் பெருங்குவியலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி இன்டர்நெட் வழியே வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக் கணினி தன் ஓய்வு நேரத்தில் ஒரு துண்டைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். பிறகு அடுத்த துண்டு வரும்.

விடை சரிதானா என்று எப்படி அறிவது? ஒரே துண்டை வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுத்து இரு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். கொடுக்கல் வாங்கலுக்கு இரு சாட்சிகளை வைக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நமக்கு இது புதிய செய்தியா?

பிற்பாடு மருத்துவத்திலும் இம்முறை புகுந்தது. 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 'ஃபோல்டிங் அட் ஹோம்' தொடங்கியது. நம் உடலிலுள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, தவறாக மடிந்தால் என்ன நோய் வருகிறது என்று ஆராய்வது அதன் வேலை. 2004 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' என்ற அமைப்பைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்கு மருந்து தேடும் பணியை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009ல் ஆரம்பித்தார்கள். ஏறத்தாழ 30 இலட்சம் இரசாயனச் சேர்மங்களை வீட்டுக் கணினிகள் சலித்தன. நம்பிக்கை தரும் 7 சேர்மங்கள் கிடைத்ததாக 2014ல் அறிவித்தார்கள். சேர்மம் மருந்தாகிக் கடைக்கு வர இன்னும் நெடிய சோதனைகள் உண்டு. ஆனாலும் 30 இலட்சத்தை ஏழாகச் சுருக்கியது, முகம் தெரியாத மனிதர்கள் போட்ட பிடியரிசிதான்.

வந்தார்கள், போனார்கள்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

செட்டி திட்டத்தில் காலப்போக்கில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் பதிந்தார்கள். 2020 மார்ச் 31 அன்று அத்திட்டம் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தியபோது, தொடர்ந்து உழைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓர் இலட்சத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எங்கே போனார்கள்? யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. பழைய கணினி பழுதானது, புதியது வாங்கியபோது மறந்துவிட்டார்கள். முதல் வாரத்து ஆர்வம் மூன்றாம் மாதத்தில் ஆறிவிட்டது.

கொரோனாக் காலத்தில் இதைவிடத் தெளிவாகக் காண முடிந்தது. 2020 தொடக்கத்தில் ஃபோல்டிங் திட்டத்தில் ஏறத்தாழ 30,000 பேர்தான் இருந்தார்கள். அந்தக் கிருமியின் புரதங்களை ஆராயப்போகிறோம் என்று அறிவித்ததும் சில வாரங்களில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஓடி வந்தார்கள். வினாடிக்கு 1க்குப் பின் 18 சைபர் போட்ட எண்ணிக்கையில் கணக்குச் செய்யும் வேகத்தை அது தாண்டியது. உலகின் எந்தத் தனிச் சூப்பர் கணினியும் அன்றுவரை அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை. பயம் தணிந்தது. வந்த கூட்டமும் மெல்லக் கலைந்தது. புற்றுநோயும் மறதி நோயும் உலகில் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை செய்தியில் இல்லை.

றமழானில் நிரம்பி வழியும் பள்ளிவாசல் ஷவ்வாலில் எப்படி இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

எங்கள் தகரம் ஏன் காலியானது?

என் கதையையும் கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் நான் ஓதிக் கொடுத்த ஒரு மத்ரஸாவில் பிடியரிசிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. முதல் வருடம் மூடை மூடையாக வந்தது. இரண்டாம் வருடம் பாதியானது. பிறகு நின்றே போனது. "பெண்களுக்கு ஈமான் குறைந்துவிட்டது" என்று ஜும்ஆவில் கடிந்து பேசினேன்.

அடுத்த நாள் ஒரு வயதான தாய் தன் பேரனுடன் வந்தார். கையில் தகரம். "ஹஸ்ரத், மூணு மாசமா எடுக்க ஆள் வரல்ல. அரிசியில வண்டு விழுந்து போச்சு. நாங்க போட்டது பிள்ளைகளுக்குப் போச்சா, இல்லையான்னு ஒரு சொல்லுச் சொல்லவும் ஆள் இல்ல. நாங்க என்ன செய்ய?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குறை அவர்களிடம் இருக்கவில்லை. ஒழுங்காக எடுக்க ஆள் அனுப்பாததும், கணக்குச் சொல்லாததும் நான். ஒருவருடைய ஆர்வத்தைக் கேட்டு வாங்குகிறவனுக்கு அதைப் பேணும் கடமையும் இருக்கிறது. அதுவும் ஓர் அமானிதம். இதை அந்தத் தாய் எனக்குப் படித்துத் தந்தார்.

நிலைத்தவர்கள் ஏன் நிலைத்தார்கள்?

கணினித் திட்டங்களை நடத்தியவர்களும் இதே பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். அவர்கள் கண்டவற்றை நம் பாஷையில் சொல்கிறேன்.

முதலாவது, இலேசாக்குதல். செட்டி திட்டத்தில் கணினித் திரை சும்மா இருக்கும்போது அது தானாகவே ஓடியது. கொடுப்பவருக்குச் சிரமம் இல்லை. தகரம் அடுப்பின் அருகிலேயே இருந்தால்தான் கை தானாகப் போகும். பரணில் இருந்தால் போகாது.

இரண்டாவது, பலனைத் தெரிவித்தல். 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்ற திட்டத்தில் 2010ல் புதிய நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. பல்சர் என்பார்கள். அந்தத் துண்டைக் கணக்கிட்ட கணினிகளில் ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கணவன் மனைவியுடையது. மற்றது ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடையது. விஞ்ஞானிகள் அவர்களைத் தேடிச் செய்தி சொன்னார்கள், கண்டுபிடித்தவர்கள் என்று உலகறியப் பெயரும் குறிப்பிட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்ணுக்கும் தன் கொழுந்து எத்தனை கிலோ என்று அன்றைக்கே தராசடியில் தெரிந்துவிடுகிறது. பிடியரிசி போட்டவளுக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?

மூன்றாவது, கூட்டாகச் செய்தல். ஊர், பாடசாலை, நண்பர்கள் என்று குழுக்களாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. தனி ஆடு வழி தவறும் என்பது நாம் அறிந்ததுதானே.

நான்காவது, புள்ளிகள். கணக்கிட்ட ஒவ்வொரு துண்டுக்கும் புள்ளி கொடுத்துப் பட்டியல் போட்டார்கள். அது பலரை நிற்க வைத்தது. ஆனால் சிலருக்குப் புள்ளியே நோக்கமாகிவிட்டது. செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டியவர்களும் இருந்தார்கள். பாராட்டு உப்பைப் போன்றது. அளவோடு இருந்தால் சுவை. மிஞ்சினால் முகஸ்துதி, அமலையே கெடுத்துவிடும்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, சிறிதாயினும் விடாமல் செய்யப்படுவதுதான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வாக்கை முறிப்பவர்களுக்கு, தான் நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணை ஸூரத்துந் நஹ்லில் உதாரணமாகக் காட்டி அல்லாஹ் எச்சரிக்கிறான். இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தித்துப் பாருங்கள்.

நம் வீட்டுக் கணினியைக் கொடுக்கலாமா?

"ஹஸ்ரத், நாங்களும் இதில் சேரலாமா?" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நன்மையான ஆராய்ச்சிக்கு உதவுவது நல்ல காரியம்தான். ஆனால் சிலவற்றைக் கவனியுங்கள்.

கணினி உங்களுடையதா? அலுவலகத்துடையதோ பாடசாலையுடையதோ என்றால் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரி ஊழியர், கல்லூரிக் கணினிகளில் இப்படி ஒரு திட்டத்தை அனுமதியின்றி ஓடவிட்டு வழக்கில் மாட்டினார். 2002ல் அபராதமும் சமூக சேவையும் ஏற்று வழக்கை முடித்தார். பிறர் பொருளில் ஸதக்கா கிடையாது.

அடுத்தது கரண்ட் பில். வேலை செய்யும் கணினி, சும்மா இருக்கும் கணினியைவிட அதிகமாக மின்சாரம் இழுக்கும். 100 வாட் கூடுதலாக இழுத்தால் 10 மணி நேரத்தில் ஒரு யூனிட். தினமும் அப்படி ஓடினால் மாதம் 30 யூனிட். 2022லும் 2023லும் கட்டணம் ஏறியபோது நாம் பட்ட பாட்டை மறந்துவிடவில்லை. வீட்டாரின் செலவுக்கு இடைஞ்சல் செய்து தர்மம் செய்ய மார்க்கம் சொல்லவில்லை. கணவரிடமும் கலந்து பேசிக்கொள்ளுங்கள். கைபேசியிலும் இவ்வேலை நடக்கும். சார்ஜ் ஏறும்போது மட்டும் ஓடும்படி அமைக்கலாம்.

கணினியே இல்லையா? கவலை வேண்டாம். கையால் செய்யும் பணிகளும் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டத்தில்' பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழைய நூல்களைத் தட்டெழுதி இன்டர்நெட்டில் சேர்த்தார்கள். 2005ல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் நம் இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் சேகரித்து எல்லோரும் இலவசமாகப் படிக்க வைக்கிறது. உங்கள் மூத்தவாப்பாவின் அலுமாரியில் செல்லரித்துக் கிடக்கும் பழைய சஞ்சிகையும் இந்தப் பிடியரிசிதான். பழைய கடதாசிக்காரனுக்குப் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று

அந்தத் தாய் வந்துபோன பின் ஒரு கொப்பி வாங்கினேன். எந்த வாரம் எத்தனை கொத்து அரிசி வந்தது, அதில் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று எழுதினேன். மாத முடிவில் அதைத் துண்டில் எழுதி, அரிசி எடுக்கப் போகும் பிள்ளைகளின் கையிலேயே வீடு வீடாகக் கொடுத்தனுப்பினேன். பழைய மூடைகள் முழுவதும் திரும்பி வரவில்லை. நின்றுபோன வீடுகளில் பல மீண்டும் தகரத்தை அடுப்பருகில் வைத்தன. அந்தத் தாய் மவுத்தாகும்வரை ஒரு வாரமும் தவறவிடவில்லை.

ஆகவே சகோதரிகளே, ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குமுன், பத்து வருடம் செய்ய முடிந்த அளவு எது என்று பார்த்து அந்த அளவில் தொடங்குங்கள். பிறரிடம் உதவி கேட்டு வாங்கினால், அது என்னவாயிற்று என்று சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சிறு அமல்களை ஏற்று, அவற்றில் நம்மை நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன்.