கள்ளக்குறிச்சியில் நாளைய நிருபர் யார்?

"நியூஸ்தான் போன்லேயே வந்துடுதே, பேப்பர் எதுக்கு?"

கள்ளக்குறிச்சி டீக்கடைப் பேச்சு இது. அப்படியானால், நிருபர் ஆகவேண்டும் என்று துடிக்கும் பையன்கள் கதி என்ன? இந்த மாவட்டத்தில் நடந்த இரண்டு சம்பவங்களே பதில் சொல்லும்.

வதந்தி வைத்த தீ

2022 ஜூலை. சின்னசேலம் அருகே கனியாமூர் தனியார் பள்ளியில் பிளஸ்-2 மாணவி இறந்தார். போலீஸ் விசாரணை முடிவதற்குள் செல்போனில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் ஆள் திரட்டினார்கள். 17-ந் தேதி கும்பல் பள்ளிக்குள் புகுந்தது. பஸ்கள் எரிந்தன. போலீசார் மீது கல் பறந்தது.

கூட்டத்தோடு கூட்டமாகப் போன இளைஞர்கள் பலர் ஜெயிலுக்குப் போனார்கள். சமூக வலைதளங்களில் தனி விசாரணை நடத்தியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில்

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சாவு. கள்ளச்சாராயச் சாவு என்று மாவட்ட அதிகாரிகள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. நிருபர்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் இழவு வீட்டிலும் நின்று கேட்டார்கள். உண்மையை மூடி வைக்க முடியவில்லை. பலியானவர்கள் 60 பேருக்கும் மேல்! கலெக்டர் மாற்றப்பட்டார். எஸ்.பி. சஸ்பெண்டு. நவம்பரில் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

"பக்கத்தில் கல்வராயன் மலை. அங்கே காய்ச்சிய சரக்குதான்" என்று எழுதுவது சுலபம். மலையில் சாராய ஊறல் அழிப்பு அடிக்கடி வரும் செய்தி. ஆனால் கருணாபுரத்தில் ஆளைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம் அது. ஊறல் போட்டுக் காய்ச்சியது அல்ல. இதைக் கேட்டுச் சரிபார்த்து எழுதத்தான் நிருபர் வேண்டும்.

மலைக்குப் போவது யார்?

1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாராயம் பிடிபட்டால்தான் பேப்பரில் பெயர் வரும். ரோடு இல்லை, வைத்தியம் இல்லை என்ற அழுகை கீழே கேட்பதில்லை. 2024-ல் ஐகோர்ட்டு தானாக முன்வந்து மலைவாசிகள் நிலைமையை விசாரிக்க வேண்டி வந்தது.

ஆக, எழுத விஷயம் ஏராளம். கூலிதான் பிரச்சினை. தாலுகா நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன், அவ்வளவுதான். பெட்ரோலை யார் போடுவது?

கதவு முழுக்க மூடிவிடவில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2025-ல் தமிழக அரசு சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியது. பட்டதாரிகளுக்கு ஓராண்டு டிப்ளமோ படிப்பு உண்டு.

செல்போனில் படம் பிடிக்கும் பையன்கள் தெருவுக்கு நாலு பேர். எப்.ஐ.ஆரைப் படித்துப் புரிந்துகொள்பவர், இரு தரப்பையும் கேட்பவர், மலை ஏறி இறங்கத் தயங்காதவர் கிடைப்பதுதான் அபூர்வம். அப்படிப்பட்டவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் பத்திரிகையும் சேனலும்தான் நாளைக்கு நிற்கும்.

"விசாரிச்சியா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லத் தெரியவேண்டும். சொல்ல முடியாதவர் கையில் இருப்பது செல்போன் அல்ல, தீப்பெட்டி. அதை கனியாமூரில் ஊரே பார்த்துவிட்டது!