வாங்கியபடியே திருப்பித் தருவோம்

நம் சங்கக் குடும்பங்களில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்காக, என் தொழிலில் தினமும் உதவும் ஒரு விதியைச் சொல்கிறேன்.

கருவிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் சிறு புரோகிராம் பூட்லோடர். அது சில பின்களைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டு, பிறகு முக்கியப் புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. மாற்றியதை அப்படியே விட்டுப் போனால் ஆபத்து. அந்தப் பின் தண்ணீர் மோட்டாரின் ரிலேயை ஆள்வதானால், யாரும் கேட்காமலே மோட்டார் ஓடிவிடக்கூடும்.

எஸ்.டி.எம்.32 எஃப்103 சிப்பில் ஒரு போர்ட்டுக்கு 16 பின்கள். பின்னுக்கு 4 பிட் வீதம், சி.ஆர்.எல்., சி.ஆர்.எச். என்ற இரண்டு 32 பிட் ரெஜிஸ்டர்களில் அவற்றின் அமைப்பு இருக்கிறது. ரீசெட் ஆனதும் இவற்றின் மதிப்பு என்ன என்பது தெரிந்ததே. ஆனால் முக்கியப் புரோகிராமே இடையில் பூட்லோடரை அழைப்பதுண்டு. அப்போது ஊகம் உதவாது. ஆகவே போர்ட்டின் கிளாக்கை இயக்கி, இவ்விரண்டையும் ஓ.டி.ஆர். ரெஜிஸ்டரையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இன்புட் பின்னை மேலிழுப்பதா, கீழிழுப்பதா என்பது ஓ.டி.ஆரில்தான் உள்ளது.

திரும்ப எழுதும்போது ஓ.டி.ஆர். முதலில், மற்றவை பிறகு. வரிசை மாறினால் அவுட்புட் பின் ஒரு கணம் தவறான நிலைக்குப் போகலாம். கிளாக்கை நிறுத்துவதானால் கடைசியில்தான். முன்பே நிறுத்தினால் எழுதியது பதியாது.

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர், அடித்த ஆணிகளையும் பிடுங்கிவிட்டுச் சாவியைக் கொடுப்பதுதானே முறை!