நன்னடத்தைப் பாடசாலைக்குள் உளவளத்துணை: சொன்னது யாருக்குப் போகும்?

அச்சுவேலி நன்னடத்தைப் பாடசாலை என்ற பெயர் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் பெரும்பாலும் நீதிமன்றச் செய்தியின் கடைசி வரியாகவே வரும். சிறுவனை அங்கே சேர்க்க நீதவான் உத்தரவிட்டார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவனோடு யார் கதைக்கிறார்கள், அந்தக் கதை எப்படி நடக்கிறது என்பது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

யார் உள்ளே வருகிறார்கள்?

1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. தனியான சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். குற்றம் செய்த பிள்ளைகளோடு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளையும், ‘சொல்வழி கேட்கிறான் இல்லை’ என்று பெற்றோரே கொண்டுவந்து நிறுத்தும் பிள்ளைகளையும் இந்தச் சட்டத்தின்கீழ் நிறுவனங்களில் சேர்க்கலாம். இதனால் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே கூரையின்கீழ் வந்து சேரக்கூடும்.

குற்றப் பொறுப்புக்கான ஆகக் குறைந்த வயது 2018 இல்தான் 8 இலிருந்து 12 ஆக உயர்ந்தது. 12 முதல் 14 வரையான பிள்ளைக்குத் தான் செய்ததை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்க்கவேண்டும். ஐ.நா. சிறுவர் உரிமைக் குழுவோ ஆகக் குறைந்தது 14 என்று 2019 இல் பரிந்துரைத்தது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாண சபைகளின் கைக்கு வந்தன.

போருக்குப் பின் பிறந்தவனுக்கு என்ன காயம்?

இன்று 15 வயதில் இருப்பவன், போர் முடிந்த 2009 இற்குப் பின் பிறந்தவன். செல்லடியை அவன் கண்டதில்லை, ஆனால் கண்டவர்கள் வளர்த்த பிள்ளை. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தால் விளக்கினார். காயம் தனி ஆளோடு நிற்பதில்லை. குடும்பமும் ஊரும் ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமே குலைந்துபோகிறது. அப்படியான வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் குடிகார அப்பாவின் காலடிச் சத்தமே போதும், உடம்பு சண்டைக்கு ஆயத்தமாகிவிடும். கஞ்சாவும் ‘ஐஸ்’ என்ற போதைப்பொருளும் ஊருக்குள் வந்தபோது, அந்தப் பதற்றத்துக்கு மருந்து கிடைத்ததாகவே சில பொடியன்கள் நினைத்தார்கள்.

அமர்வில் என்ன நடக்கிறது?

உளவளத்துணையாளர் அறிவுரை சொன்னால் வேலை அத்தோடு முடிந்தது. அறிவுரையை அவன் பொலிஸிலும் கேட்டுவிட்டான், கோட்டிலும் கேட்டுவிட்டான். முதல் சில சந்திப்புகள் கரம் விளையாட்டோடே போகலாம். பிறகு, நேற்றிரவு நடந்த சண்டையை எடுத்து, கடைசியிலிருந்து பின்னோக்கிப் போவார்கள்.

“அடிக்க முதல் உடம்பில என்ன நடந்தது, தம்பி?”

“காது சுட்டது. கை தன்பாட்டில மடங்கிச்சுது, மிஸ்.”

“அதுக்கு முதல்?”

“அம்மாவைப் பற்றி ஒரு கதை சொன்னவன்.”

அந்தச் சொல்லுக்கும் மடங்கிய கைக்கும் நடுவில் சில விநாடிகள் இருக்கின்றன. காது சுடும்போதே எழுந்து வெளியே போக அவனைப் பழக்குவதுதான் சிகிச்சை. மூச்சுப் பயிற்சியும் இதில் சேரும். மனதை ஆற்றப் பிள்ளைக்குப் பழகிய வழியையே எடுக்கலாம் என்பது தயா சோமசுந்தரத்தின் அணுகுமுறை: சைவப் பிள்ளைக்கு மந்திர உச்சாடனம், கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செபமாலை, முஸ்லிம் பிள்ளைக்குத் திக்ர். போதை விட்ட நாட்களின் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் உளமருத்துவரிடம் போகவேண்டியவை.

அவன் ஏன் வாய் திறப்பதில்லை?

இந்த வேலையின் முடிச்சு இங்கேதான். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை நீதவானிடம் போகும் என்பது பொடியனுக்குத் தெரியும். உளவளத்துணையாளர் கையிலும் ஒரு கோவை இருக்கிறது. அதைக் கண்டதும் அவன் ஒன்றில் ஊமையாகிவிடுவான், இல்லாவிட்டால் “திருந்திட்டன் மிஸ்” என்று மனப்பாடமாக ஒப்புவிப்பான்.

எதைச் சொல்லவேண்டி வரும், எது தன்னோடு நிற்கும் என்பதை உளவளத்துணையாளர் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். தற்கொலை எண்ணம், மற்றவருக்கு ஆபத்து, அவனுக்கு யாராவது துன்பம் செய்வது ஆகிய மூன்றையும் மறைக்க முடியாது. மற்றது அறைக்குள்ளேயே நிற்கும். நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவரும் சிகிச்சை செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது இன்னும் நல்லது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பிள்ளை கணக்குப் பார்த்துத்தான் கதைப்பான்.

விடுதலைக்குப் பிறகு?

உள்ளே பழகியதை வெளியே அதே சந்தி, அதே கூட்டாளி, அதே வீடு சோதிக்கும். அமெரிக்காவில் ஸ்காட் ஹெங்கலர் வகுத்த பல்தளச் சிகிச்சையில் சிகிச்சையாளரே வீட்டுக்கும் பாடசாலைக்கும் போவார், பெற்றோரோடும் வேலை செய்வார். இங்கே அந்த வேலையைத் தொடரக்கூடியவர்கள் பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் கூப்பிடலாம்.

பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் “எப்ப விடுவினம்?” என்று கேட்பது வழமை. “வந்த பிறகு இவன் ஆரோட கதைக்கிறது?” என்றும் அங்கேயே கேட்கவேண்டும். ஒரு ஆளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பதிலாகக் கிடைக்கும்வரை அந்தக் கேள்வியை விடக்கூடாது.