இடையில் மறிக்கும் குரல்

டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெப்படிங்க?" என்று இடையில் மறிப்பார். திண்டுக்கல் பக்கத்துச் செம்பட்டி மாதிரி பஸ் மாறும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சிறைகளில் நடக்கும் கூட்டு வாசிப்பு இந்த மறிப்பை நம்பித்தான் நடக்கிறது.

1991. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நீதிபதி ராபர்ட் கேனும் அவருடைய நண்பரான இலக்கியப் பேராசிரியர் ராபர்ட் வாக்ஸ்லரும் ஒன்று செய்து பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் குற்றம் செய்த எட்டுப் பேரைச் சிறைக்கு அனுப்பாமல் பல்கலைக்கழக அறைக்கு வரவழைத்து, நாவல்களைப் படிக்கக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். நீதிபதியும் அதே மேசையில் உட்கார்ந்தார். பிறகு, இப்படி வாசித்த 32 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மறுபடி தண்டனை பெற்றவர்கள் சுமார் 19 சதவீதம். வாசிக்காத குழுவில் 45. முப்பத்திரண்டு பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசமில்லை இது.

எப்படி நடக்கிறது? "ஏன் செய்தாய்?" என்று போலீஸ் கேட்டாயிற்று, வக்கீல் கேட்டாயிற்று, கோர்ட்டும் கேட்டாயிற்று. அந்தக் கேள்விக்கு மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பதில் சொல்வான். "கதையில் வருகிற அவன் ஏன் செய்தான்?" என்றால் காக்க ஒன்றுமில்லை, தாராளமாகப் பேசுவான். பேசப்பேசத் தன் கதை தானாக உள்ளே வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் அதே பாத்திரத்தை வேறு மாதிரி பார்ப்பார். ஒரு செயலுக்கு இன்னொரு வழியும் இருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும். இங்கிலாந்துச் சிறைகளில் ஒருவர் சத்தமாக வாசித்து, நிறுத்தி, பேச விடுகிறார்கள். அதனால் படிப்பறிவு இல்லாதவரும் சேர்ந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டிலும் கதவு திறந்திருக்கிறது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற அரங்கு அமைத்துக் கைதிகளுக்காக நூல்களைச் சேகரித்தது. அருமையான காரியம். ஆனால் அலமாரிப் புத்தகம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிக்கு வாசிக்க ஒரு குரலும் மறித்துக் கேட்கச் சிலரும் வேண்டும்.

இந்தியச் சிறைகளில் இருப்போரில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வரும்வரை அவர்கள் பொழுது சும்மா கழிகிறது. திண்டுக்கல்லில் மாவட்டச் சிறை இருக்கிறது. செம்பட்டியிலும் சுற்றுவட்டத்திலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருப்பீர்கள். சிறை அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரு சிறுகதை போதும்.